வன்னிக் கன்று

நவராத்திரி ஒன்பது நாளும் கழிந்து விஜயதசமி வந்ததும், எமது கோயில்கள் பலவற்றில் மானம்பூத் திருவிழா நடைபெறுவது வழக்கம். சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருள, வாழையுடன் வன்னிக் கிளையையும் சேர்த்து நாட்டி வாளினால் வெட்டுவார்கள். வன்னி வாழை வெட்டு என்றும் இதனைச் சொல்வதுண்டு. வாழையைப் பற்றி எமது வாசகர்க்கு நாம் எடுத்துக் கூறவேண்டியது எதுவுமில்லை. கிணற்றடியில் நாலு வாழை இல்லாத வளவு உண்டோ? வன்னியோ அவ்வாறன்று. ஆண்டுக்கு ஒருமுறை அதன் பெயரை உச்சரிக்கின்றோம், அதன் கிளையைக் கண்டு கும்பிடுகின்றோம். அம்மரம் எவ்வாறு முளைக்கின்றது, எத்தனை ஆண்டில் நிழல் தருகின்றது, அதற்கு என்ன பராமரிப்பு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் வீட்டிலுள்ள பெரியவர்களும் சற்று விழிக்கவே செய்வர். ஆதலின் இவ்வாரம் வன்னியை வளர்க்கும் வகையைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேச எண்ணுகின்றோம்.

வன்னி என்னும் சொல்லுக்குத் தீ என்றும் பொருள் உண்டு. வேள்வித் தீயைக் கடைந்தெடுக்கும் அரணிக் கட்டைக்கு, வன்னி மரத்தின்மேற் பற்றி வளர்ந்த அரசின் கிளையே உகந்தது என்பது வைதிக மரபு. பாண்டவர் விராட நகரத்திலே ஓராண்டு மறைந்து வாழப் புகுமுன், தம் படைக்கலங்களைக் கட்டி ஒளித்து வைத்ததும் ஒரு வன்னி மரத்திலேயாம். தமிழ்நாட்டில் விருத்தாசலம் முதலான சிவத்தலங்களில் வன்னியே தலவிருட்சம். எமது வன்னிப் பெருநிலப்பரப்பின் பெயருக்கும் இம்மரத்துக்கும் உறவு உண்டா, இல்லையா என்பது அறிஞர்களிடையே உள்ள வழக்கு. அதில் நாம் இறங்கப் போவதில்லை.

பெயர்கள் இதற்குப் பல. இராஜஸ்தானத்தில் கேஜ்ரி, பஞ்சாபில் ஜண்ட், தெலுங்கில் ஜம்மி, கன்னடத்தில் பன்னி, அரபு நாடுகளில் காஃப். சிந்து மாகாணத்தார் இதனைக் கண்டி என்பர். மலைநாட்டுக் கண்டிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இராஜஸ்தான் அரசு 1983 ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மரமாக்கியது. தெலுங்கானாவுக்கும் இதுவே மாநில மரம். ஐக்கிய அரபு அமீரகம் 2008 ஆம் ஆண்டில் இதனைத் தேசிய மரமாக அறிவித்தது. துபாயிலும் அபுதாபியிலும் தொழில் பார்த்துத் திரும்பிய எம்மவர் பலர், வீதியோரத்துக் காஃப் மரத்தின் நிழலில் ஒதுங்கியிருப்பர். ஊரில் விஜயதசமிக்கு வந்த வன்னியே அது என்பதை உணர்ந்தவர் சிலராகவே இருத்தல் கூடும்.

கோயிலில் நின்றாலும் வீதியில் நின்றாலும் இம்மரத்தின் இயல்பு பாலைவனத்து இயல்பே. அதனை வளர்க்கக் கற்க விரும்புவோர் தார்ப் பாலைவனத்துக் குடியானவரிடமே கற்றல் வேண்டும். அப்பகுதியில் ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஜோத்பூரில் ஏறத்தாழ 350 மில்லிமீற்றர். எமது யாழ்ப்பாணத்தில் 1,200 மில்லிமீற்றருக்கு மேற் பெய்தும் தண்ணீர்ப் பஞ்சம் பேசுகின்றோம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்நிலத்தின் வறுமை விளங்கும். கோடையில் வெம்மை 45 பாகை செல்சியசைக் கடக்கும். மாரிகால இரவிலே குளிர் உறைநிலையைத் தொட்டுவிடும். அந்நிலத்தில், வயல் நடுவே, அம்மக்கள் தாமாகவே விரும்பி விட்டுவைத்திருக்கும் மரம் இது.

வயலின் நடுவே மரம் நிற்பதை எந்தக் கமக்காரனும் விரும்பமாட்டான். நிழல் பயிரைக் கெடுக்கும், வேர் உரத்தை உண்ணும் என்பது பொதுவான அனுபவம். வன்னி இதற்கு விலக்கு. அதன் இலைகள் மிகச் சிறியவை. வெயிலைச் சல்லடையிற் சலித்தாற்போலவே கீழே விடும். ஆணிவேர் நேரே கீழிறங்கி ஆழத்து ஈரத்தை நாடுமாதலால் மேல்மண்ணில் உள்ள நீருக்குப் பயிருடன் பெரிதாகப் போட்டியிடுவதில்லை. 100 அடிக்கும் மேலாக வேர் இறங்கியதாகப் பதிவுகள் உண்டு. அவரை, பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணைகொண்டு காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும். உதிரும் இலையும் ஆங்கே மக்கி உரமாகும். ஆகையால் கம்பும் பயறும் நரிப்பயறும் வெட்டவெளியில் விளைவதைக் காட்டிலும் வன்னியின் அடியிற் செழித்து நிற்பதைக் காணலாம். ஜோத்பூரில் 1959 ஆம் ஆண்டில் அமைந்த மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையத்தார் இதனை ஆராய்ந்து, வன்னியின் அடி மண்ணில் உரச்சத்து மிகுந்திருப்பதைக் கண்டுள்ளனர். குடியானவர் நெடுங்காலமாக அறிந்திருந்தது ஆய்வுகூடத்திலும் மெய்யாயிற்று.

இன்னொரு வியப்பும் உண்டு. எல்லா மரங்களும் காய்ந்து கருகும் கோடையிலேதான் வன்னி புதுத் தளிர் விடுகின்றது. மாசி பங்குனிக்குப் பின் மஞ்சள் நிறச் சிறுபூக்கள் கதிர் கதிராய்ப் பூக்கும். சித்திரை வைகாசியில் மெல்லிய பச்சைக் காய்கள் கொத்தாகத் தொங்கும். இப்பிஞ்சுக் காயே சாங்கிரி. அவித்து உலர்த்தி ஆண்டு முழுவதும் கறிக்கு வைத்துக்கொள்வர். முற்றிப் பழுத்த காயின் சதை இனிக்கும். சிறுவர்கள் பொறுக்கித் தின்பர். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. விறகு நின்று எரியும். 1899 ஆம், 1900 ஆம் ஆண்டுகளில் இராஜஸ்தானத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில், உண்பதற்கு வேறெதுவும் அற்றுப்போன மக்கள் வன்னிப் பட்டையை உரித்து இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்தனர். எமது முன்னோர் பஞ்சகாலத்தில் ஒடியலை நம்பியிருந்ததுபோல என்க. பனையைக் கற்பகதரு என்று நாம் போற்றுவதற்கு என்ன நியாயம் உண்டோ, அதே நியாயம் அவர்களுக்கு வன்னியிடத்தில் உண்டு.

அந்நியாயத்துக்காக உயிரையே கொடுத்தவர்களும் அங்கு வாழ்ந்தனர். பிஷ்னோயி என்னும் சமூகத்தாருக்கு 1485 ஆம் ஆண்டில் குரு ஜம்பேஷ்வர் வகுத்த விதிகள் இருபத்தொன்பது. இருபதும் ஒன்பதும் என்ற பொருள்பட்டே அவர்களுக்குப் பிஷ்னோயி என்ற பெயரும் வந்தது என்பர். பச்சை மரத்தை வெட்டலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. 1730 ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னன் அபய் சிங்கின் மாளிகை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டியிருந்தது. அரசனுடைய ஆட்கள் கேஜட்லி என்னும் கிராமத்துக்குச் சென்றனர். வன்னி நிறைந்த ஊராதலால், கேஜ்ரியின் பெயரே அவ்வூருக்கும் அமைந்திருந்தது. அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். கோடரி அவரை வெட்டிற்று. அவருடைய மூன்று பெண்மக்களும் தாயைப் பின்பற்றினர். செய்தி பரவ, பக்கத்து ஊர்களிலிருந்தும் பிஷ்னோயிகள் வந்து ஒருவர்பின் ஒருவராக மரங்களைத் தழுவி நின்று மாண்டனர். மொத்தம் 363 பேர். மன்னன் செய்தியறிந்து வெட்டுவதை நிறுத்தினான். பிஷ்னோயிகளின் ஊர்களில் மரம் வெட்டுதலைத் தடைசெய்தான். இந்திய அரசு 2013 ஆம் ஆண்டில் செப்டெம்பர் 11 ஆம் நாளை வனத் தியாகிகள் தினமாக அறிவித்தது.

இத்தகைய காவல் பெற்ற மரத்துக்கு இனி என்ன குறை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். குறை உண்டு, அதுவே இன்று நாம் இதை எழுதவும் காரணம். இராஜஸ்தானத்தின் பல மாவட்டங்களில் வளர்ந்த வன்னி மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. வேரைத் துளைக்கும் வண்டின் புழுவும், வேரையழுகச் செய்யும் பூஞ்சணமும் வலுவிழந்த மரத்தைப் பற்றிக்கொள்கின்றன. ஆண்டுதோறும் கொம்பு முழுவதையும் மொட்டையாகத் தறித்தெடுப்பதும் மரத்தின் உயிரைக் குடிக்கின்றது. போதாததற்கு, சூரிய மின்னிலையங்கள் அமைப்பதற்காக மரங்கள் வெட்டப்பட்டமையை எதிர்த்து 2024 ஆம், 2025 ஆம் ஆண்டுகளில் பிகானேர்ப் பக்கத்திலே பிஷ்னோயி மக்கள் மீண்டும் போராட வேண்டியதாயிற்று. வெயிலில் மின்சாரம் எடுப்பது நல்ல காரியமே. வெயிலைத் தாங்கும் மரத்தை வெட்டித்தானா அதனைச் செய்தல் வேண்டும் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகின்றோம்.

ஆயினும், பெரிய மரம் பட்டுப்போவதைக் காட்டிலும் கவலைக்குரியது ஒன்று உண்டு. பெரிய மரம் பட்டுப்போனால் எவர் கண்ணுக்கும் படும். அதனிடத்தில் எழவேண்டிய கன்று எழாமற் போவதை எவரும் காண்பதில்லை. முன்னாளில் ஒட்டகமோ எருதோ பூட்டிய மரக்கலப்பையால் உழுத காலத்தில், சாலிலே வன்னிக் கன்று ஒன்று தலைகாட்டினால் உழவன் கலப்பையைச் சற்றே தூக்கி விலக்கி நடந்தான். வயலில் நிற்கும் வன்னிகளுட் பல இவ்வாறு எவராலும் நடப்படாமல், விலக்கி விடப்பட்டே வளர்ந்தவை. உழவு இயந்திரத்தில் அமர்ந்திருப்பவனுக்கு விரல்நீளக் கன்று தெரியாது. தெரிந்தாலும் அத்துணை பெரிய கொழுவை அதற்காக விலக்குதல் எளிதன்று. கன்றும் போகின்றது, நிற்கும் மரத்தின் பக்கவேரும் அறுபட்டு அதன்வழியே நோய் புகுகின்றது. கோடரிக்கு முன்னே நிற்கத் துணிந்தவர்களின் சந்ததியார்க்குக் கொழுவின் முன்னே கன்றைக் காப்பது கடினமாய்விட்டது. ஆகவே வன்னியைக் காப்பது என்றால், இன்றைய நிலையில், விதை முளைத்த நாள்முதல் நாலைந்து ஆண்டுவரை அதனை மிதிபடாமலும் கடிபடாமலும் வைத்திருப்பதே பெரும்பகுதி என்று சொல்லலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் விதை வன்னியின் விதையே என்று உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். இதனை நாம் வற்புறுத்திக் கூறக் காரணம் உண்டு. வன்னிக்கு ஒரு தாயாதி இருக்கின்றது. சீமைக் கருவேல் என்று பெயர். அமெரிக்கக் கண்டத்து மரம். வளர்ச்சியில் அது முயல், வன்னி ஆமை. எமது நாட்டில் 1950 ஆம் ஆண்டுகளில் அம்பாந்தோட்டைப் பக்கத்து உவர்மண்ணைத் திருத்தவும் நிலத்துக்குப் போர்வையாகவும் என்று அதனைக் கொண்டுவந்து நட்டனர். நட்டவர்கள் நல்லெண்ணத்துடனேயே நட்டனர். மரம் வேலியைத் தாண்டிற்று. 1990 ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, இலங்கையிலேயே முதன்முதல் ஏற்கப்பட்ட புந்தலப் பகுதியுள்ளும் புகுந்து, புல்வெளிகளை முட்காடாக்கிவிட்டது. அதன் காயைத் தின்னும் மாடுகளே விதையை ஊரெங்கும் கொண்டுசென்றன. அதனை இன்று வெட்டி மாள்வதில்லை. வெட்டிய அடிக்கட்டை மறுபடி தளிர்க்கும். விரைவாய் வளரும் மரத்தையே விரும்பும் அவசரத்துக்கு இது போதுமான சாட்சி. வன்னி என்று எண்ணி இதனை வளவுக்குள் கொண்டுவந்தால் வெளியேற்றுவது அரிது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. சீமைக் கருவேலின் முள் நீளமாய், இலை புறப்படும் கணுவிலே பெரும்பாலும் இரட்டையாய் நிற்கும். வன்னியின் முள் குட்டையாய், அடி பருத்து, ரோசாச் செடியின் முள்போலக் கொம்பு நெடுகச் சிதறி நிற்கும். வன்னியின் இலையில் ஒரு சாம்பல் மங்கல் உண்டு. மற்றதன் இலை கடும் பச்சை. வன்னிக் காய் மெல்லிதாய், உருண்டு, ஒரு சாண் அளவு தொங்கும். சீமைக் கருவேலின் காய் தட்டையாய்த் தடித்து மஞ்சளாய்ப் பழுக்கும். மன்னாரிலே குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரமும் முள்மரமே; ஆயின் அது வேறு சாதி, அதற்கும் இதற்கும் குழப்பம் வேண்டா.

விதை கிடைத்தபின் பொறுமை வேண்டும். ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 25,000 விதைகள் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பிடியே மிகுதி. விதையின் தோல் கடினமானது. ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டு முளைக்குந் திறன் கெடாது. அவ்வாறு கெடாமல் இருக்கச் செய்யும் தோலே, விதைத்தவுடன் முளைக்கவும் விடாது. காட்டில் ஆடும் ஒட்டகமும் காயைத் தின்று கழிக்கும்போது அத்தோல் இளகும். வீட்டிலே அவ்வேலையை வெந்நீர் செய்யும். நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கியபின் விதையை அதிலிட்டு, ஓர் இரவும் பகலும் ஊறவிடுக. நெருப்பின்மேல் வைத்து அவித்துவிடலாகாது. ஊதிப் பெருத்த விதைகளை எடுத்து விதைத்து, பெருக்காதவற்றை மறுபடி வெந்நீரில் இடலாம்.

விதைப்பதற்கு அகலமான சட்டி உதவாது, ஆழமே வேண்டும். ஓர் அடி ஆழமுள்ள பொலித்தீன் பையில் மணலும் தோட்டமண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, அரை அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் ஒரு பைக்கு இரண்டு விதை ஊன்றுக. பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் முளை தோன்றும். இரண்டும் முளைத்தால் வலிய ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுதல் நன்று. பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் அசையும்.

இதன்பின்னரே பலர் மனம் தளர்வது. மாதம் இரண்டு கடந்தும் கன்று நாலு இலையுடன் நின்ற நிலையிலேயே நிற்கும். பக்கத்திலே அதே நாளில் விதைத்த முருங்கை ஆளுயரம் போய்விடும். வன்னி சும்மா நிற்கவில்லை. மேலே ஓர் அங்குலம் வளரும் காலத்தில் கீழே அதனிலும் பன்மடங்கு வேரிறக்கிக்கொண்டிருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியாதலால் வீட்டார் இரங்கி, நாளுக்கு இருமுறை நீர் ஊற்றுகின்றனர், உரம் இடுகின்றனர். இரண்டும் வேண்டா. மேல்மண் எப்பொழுதும் நனைந்திருந்தால் வேருக்குக் கீழே இறங்கும் தேவை இல்லாமற் போய்விடும். மேல்மண் காய்ந்தபின்னரே நீர் விடுக. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பையை இடம் மாற்றி வைத்தல் வேண்டும். மறந்தால் வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கிவிடும், பின்னர் எடுக்கும்போது அறுந்துபோகும்.

ஆறு மாதம் முதல் ஓராண்டு சென்ற கன்றை நிலத்தில் நடலாம். இராஜஸ்தானத்தில் ஆடி மாதத்து முதல் மழையோடு நடுவர். எமது வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி மழை தொடங்கும் காலம் பொருந்தும். ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். அங்கு கன்றின் பகை வறட்சி. இங்கு பகை கார்த்திகை வெள்ளம். தண்ணீர் கட்டிநிற்கும் பள்ளத்தில் வைக்காமல், மேடான, வடிகாலுள்ள மணற்பாங்கான தறையைத் தெரிவுசெய்க. உவரும் சுண்ணாம்பும் கலந்த மண்ணை வன்னி பொறுத்துக்கொள்ளும். நாள் முழுவதும் வெயில் படவேண்டும். வீட்டு அத்திவாரத்துக்கும் கிணற்றுக்கும் அருகே வேண்டா. பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடித்திரியும் முற்றமும் இதற்கு இடமன்று. உதிரும் சுள்ளியில் முள் இருக்கும். வளவின் பின்புறத்து எல்லையோ, கோயில் வீதியின் ஓரமோ மிகவும் ஏற்றது.

இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழி போதும். பையைக் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்கி, சுற்றி மிதித்து நீர் விடுக. முதலிரண்டு கோடைக்கு மட்டும் எமது உதவி அதற்குத் தேவைப்படும். பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு குடம் நீரை மெதுவாக ஊற்றுவது, தினம் ஒரு செம்பு தெளிப்பதிலும் மேல். வரண்ட நாடுகளிலே கையாளும் உபாயம் ஒன்று உண்டு. சுட்ட மண்குடம் ஒன்றைக் கன்றுக்கு ஒரு முழத் தூரத்தில் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவைத்தால், குடத்தின் சுவர் வழியே ஈரம் கசிந்து வேரைச் சென்றடையும். அடியிலுள்ள களையை முதலாண்டில் இரண்டு மூன்று முறை கொத்திவிடுதல் வேண்டும். கொத்தும்போது மண்வெட்டி ஆழமாய் இறங்கலாகாது.

வேலியை நடும் நாளிலேயே அமைத்துவிடல் வேண்டும்; பின்னர் பார்ப்போம் என்றால் ஆடு பார்த்துக்கொள்ளும். வன்னித் தளிரைக் கண்ட ஆடு மற்றெந்த இலையையும் நாடாது. அதன் முள்ளைக் கண்டு ஆடு அஞ்சும் என்று எண்ணுவோரும் உண்டு. இளங்கன்றின் முள் ஆட்டின் நாவுக்குப் பொருட்டன்று. பாலைவனத்தார் காட்டிலந்தை முள்ளை வெட்டிக் கன்றைச் சுற்றி வட்டமாய் அடுக்குவர். எமது நாட்டில் கதியாலும் பனைமட்டையும் அவ்வேலையைச் செய்யும். நாலைந்து ஆண்டு, கன்று ஆட்டுக்கு எட்டாத உயரம் செல்லும்வரை அவ்வேலி நிற்கவேண்டும். கறையானும் இளவேரைத் தாக்கும். அடியில் உலர்ந்த குச்சியும் சருகும் தண்டையொட்டிக் குவிந்துகிடக்க விடலாகாது.

இளமையில் வன்னி புதராகவே எழும். தண்டு இரண்டு மூன்றாய்ப் பிரிந்து எது மரம், எது கொம்பு என்று தெரியாமல் நிற்கும். மூன்றாம் ஆண்டளவில் நேராய் நிற்கும் ஒன்றைத் தெரிந்துகொண்டு, மற்றவற்றைக் கூரிய கத்தியால் அடியோடு ஒட்ட நறுக்கிவிடலாம். கீழ்ப்பக்கத்துச் சிறுகொம்புகளையும் ஆண்டுக்குச் சிலவாக அகற்றுக. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழித்தால் தண்டு தன் பாரத்தைத் தாங்காது.

முள்ளில்லாத வன்னி உண்டா என்று சிலர் விசாரிப்பதுண்டு. பிகானேரிலுள்ள மத்திய வறள்நிலத் தோட்டக்கலை நிலையத்தார் தார் சோபா என்னும் முள்ளற்ற இனத்தை உருவாக்கியுள்ளனர். சாதாரண வன்னிக் கன்றின் வேர்த்தண்டில் அதன் மொட்டை ஒட்டி வளர்ப்பர். காய்க்காகவே வளர்க்கும் தோட்டத்துக்கு அது மிக வசதி. ஒட்டுக்கன்றாதலால் விரைவிற் காய்க்கும், பறிப்பவர் கையும் கிழியாது. ஆடுமாடு உலவும் வெளிக்கும் கோயில் வீதிக்கும் முள்ளுள்ள பழைய வன்னியே மேலானது என்பது எமது அபிப்பிராயம். ஒட்டினதற்குக் கீழே அடித்தண்டில் எழும் முள்ளுள்ள தளிர்களைக் கிள்ளாவிட்டால் முள்ளற்ற கொம்பு நலிந்துபோகும் என்பதையும் ஒட்டுக்கன்று வைத்திருப்போர் மறக்கலாகாது.

பத்து ஆண்டு செல்லும்வரை இலைக்கென்று கொம்பு தறித்தல் வேண்டா. அதன்பின் பாலைவனத்தார் மார்கழி தையில் ஏறித் தறிப்பர். நடுத்தரமான ஒரு மரம் ஓராண்டில் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோகிராம் உலர்ந்த இலை தரும். இலையைக் காயவைத்துச் சேமித்துக் கோடையில் ஆட்டுக்கு இடுவர். முழுக் கொம்பையும் தறித்தால் இலை மிகுதி, அதில் ஐயமில்லை. ஆனால் மொட்டையான மரம் வரும் சித்திரையில் காய் தராது. பூக்கவேண்டிய கொம்பு ஆட்டின் வயிற்றுக்குப் போய்விட்டது அல்லவா? மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கையேனும் தொடாமல் விடுவோர்க்கு மரமும் நெடுநாள் நிற்கும், காயும் சிறிது கிடைக்கும். ஆகையால் அங்குள்ள வீடுகளில் ஆட்டுக்கென்று சில மரங்களைத் தறித்து, அடுக்களைக்கென்று சில மரங்களைத் தொடாமல் விட்டுவைப்பர்.

அவ்வாறு விட்ட மரத்தின் சாங்கிரியைப் பிஞ்சாகவே பறித்து, அவித்து, நிழலில் உலர்த்திப் பானையிற் கட்டிவைப்பார்கள். சமைக்கும் நாளுக்கு முன்னிரவே நீரில் ஊறவிட்டு, மறுநாள் அவித்துப் பிழிந்து, கேர் என்னும் பாலைவனப் புதரின் புளித்த காயையும் சேர்த்து, எண்ணெயில் சீரகமும் செத்தல் மிளகாயும் தாளித்துப் பிரட்டியெடுத்தால் அது கம்பு ரொட்டிக்குத் துணைக்கறி. நீர் வற்றப் பிரட்டிய கறியாதலால் இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும். பயணம் போவோர் கட்டிக்கொண்டு போவார்கள்.